அக்காவுக்காகப் பார்க்கப் போன பறவைகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாசலில் நின்றதுதான் ஞாபகம். ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். வருஷம், கிழமை எல்லாம் மறந்துவிட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் எங்கள் மாடி வீட்டுப் பெண் பழவேற்காடு போய்விட்டு வந்து, செல்போனில் படம் காட்டினாள். ஏரித் தண்ணீரில் வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் பூநாரைகள் நின்றுகொண்டிருந்தன.

"நீ பாத்துகீறியா ஆயா?" என்று கேட்டாள்.

"பாத்துகீறேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் வாங்கி வந்த நண்டு ஒரு சாக்குப் பையில் சொட்டிக்கொண்டு வாசற்படியில் கிடந்தது. அந்த நனைந்த சாக்கின் வாசனை வேறு சேர்ந்துகொண்டது.

நனைந்த சாக்கு என்றால் எனக்குக் கோதண்டம் மாமாவின் படகுதான். எங்கள் நைனாவுக்குத் திருவொற்றியூரில் கால்வாய் ஓரமாக இருந்த ஒரு சுண்ணாம்புக் காளவாயில் வேலை. காளவாயில் சுடுவதற்குப் பழவேற்காட்டிலிருந்து கிளிஞ்சல் படகில் வரும். அதைக் கொண்டுவருகிறவர்தான் கோதண்டம் மாமா. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுப்பார்கள். எங்கள் வீட்டில் எல்லோர் தலையிலும் சுண்ணாம்புத் தூள் இருக்கும். சின்ன வயசிலேயே எங்களுக்கெல்லாம் நரைத்துவிட்டது என்று தெருவில் கேலி செய்வார்கள்.

மாமா எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அக்கா சரோசா பூநாரைக் கதை கேட்பாள். அவள் என்னைவிட நாலு வயசு பெரியவள்.

"கழுத்து கீது பாரு, பாம்பு மாரி. கால் கீதே, ஒட்டடக் கோலு. வூட்டாண்ட நின்னா உங்க கூர மேலருந்து எட்டிப் பாக்கும்" என்பார் மாமா.

"பொய் சொல்லாத மாமா."

"வந்து பாரு, அப்பால சொல்லு."

ஆறு மாசம் கெஞ்சி, காணும் பொங்கலுக்கு எல்லோரையும் கிளிஞ்சல் இறக்கிய காலிப் படகில் அழைத்துப்போக நைனாவிடம் சம்மதம் வாங்கியது அக்காதான். சித்திரையில் அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில் பெண்களை எங்கும் அனுப்பமாட்டார்கள் என்று தெரியும். இதை விட்டால் அவளுக்கு வேறு நாள் இல்லை.

கிளம்ப வேண்டிய விடியற்காலையில் எழுந்து பார்த்தால் என் பாவாடையில் கறை. எனக்கு அதுதான் முதல் தடவை. கொல்லையில் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். பெண் பெரியவளாகிவிட்டால் அப்போதெல்லாம் ஓலை கட்டி மறைவாக உட்காரவைத்துவிடுவார்கள். அம்மா நகர முடியாது, வீடே நின்றுபோகும். அதோடு, தூரமான பெண் காலை வைத்தால் படகுக்கு ஆகாது. மாமா படகின் முனையில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, அதைக் கங்கம்மா என்று கும்பிடுகிறவர்.

அக்கா வந்து பார்த்தாள். பிறகு பாவாடையைக் கழற்றச் சொல்லித் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். துணி மடித்துக் கட்டவும் சொல்லிக்கொடுத்தாள்.

"வாய மூடு. பாயெல்லாம் கறையாகீது, அம்மா பாத்துடும். அம்மாவாண்ட எனக்குன்னு சொல்லிக்கிறேன்."

"நீ போவணும்னு தானே..."

"உனக்குன்னு தெரிஞ்சா ஒருத்தரும் போவ முடியாது. நைனா லீவு சொல்லிட்டு வந்துகீறாரு. தம்பி சட்ட போட்டுகினு நிக்குது. போ. நல்லா பாத்துகினு வந்து எனக்குச் சொல்லு, அது போதும்."

அம்மாவுக்குக் கணக்கு இடித்தது. "போன வாரந்தானேடி தலைக்கு ஊத்துன?" என்றாள்.

"இன்னா பண்ணச் சொல்ற. வந்துட்சி."

"நல்ல நாளாப் பாத்து வருது இவளுக்கு" என்று அம்மா திட்டிக்கொண்டே அவளுக்குத் தனித் தட்டும் பாயும் எடுத்துக் கொல்லையில் போட்டாள். பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லிவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

மாமா முனையில் கற்பூரம் ஏற்றினார். "எல்லாம் சுத்தமாத்தானே கீறீங்க?" என்று பொதுவாகக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அப்படி ஆட்டிய தலையை எண்ணூர் தாண்டியும் நிமிர்த்தவில்லை. படகின் அடியில் ஈரச் சாக்கின் மேல் உட்கார்ந்து பாவாடையைக் காலுக்கடியில் செருகிக்கொண்டேன். ஏரிக்குள் நுழைந்ததும் காற்று அடித்துப் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மா கத்தினாள். என்னால்தான், கங்கம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, தம்பி விழுந்துவிடுவான் என்று நினைத்தேன். கண்ணை இறுக மூடி அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"தோ பார்ரா, எய்ந்துகிது, எய்ந்துகிது" என்று நைனா கத்தினார். தம்பி கைதட்டினான். எல்லோரும் பார்த்தார்கள். நான் கண்ணைத் திறந்தபோது வானத்தின் ஓரத்தில் வெளிறிய சிவப்பாக ஒரு கோடு போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். அன்று ராத்திரி மாமா வீட்டில் மீன் குழம்பு போட்டார்கள். ருசி ஞாபகமில்லை.

மறுநாள் சாயங்காலம் திரும்பினோம். அக்கா கொல்லையில் அதே பாயில் உட்கார்ந்திருந்தாள். தொடக்கூடாதென்று நான் தள்ளி உட்கார வேண்டியிருந்தது. அவளைத் தொட்டால் எனக்குத் தீட்டாம்.

"சொல்லு" என்றாள். முகம் அப்படியே விளக்கு மாதிரி இருந்தது.

பார்க்கவில்லை என்று அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? முதல் நாள் படகுக்குப் போகும்போது காளவாய் லாரிக்கு முன்னால் மிரண்டு ஓடிய கோழிதான் என் நினைவுக்கு வந்தது. "அதுங்க சட்டுனு பறக்காதுக்கா. மொதல்ல தண்ணி மேலயே நடந்து ஓடும். தொப்பு தொப்புனு ஓடி ஓடி, அப்பாலதான் எய்ந்துக்கும்" என்றேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "தண்ணி மேலயா? மாமா இத்த சொல்லவே இல்லியே" என்றாள். மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னேன்.

அடுத்த மாசம் என்னை முறைப்படி உட்காரவைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றியபோது, அக்கா என் காதருகே வந்து, "இப்பத்தான் ஆவுதா உனக்கு?" என்று கிள்ளினாள். அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

வியாசர்பாடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு அவள் ஏரிப் பக்கம் போகவே இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது பூநாரைக் கதைதான். எழுந்து நின்று தண்ணீர்மேல் ஓடுவதுபோல ஓடியே காட்டுவாள். ஒரு கல்யாணத்தில் பத்துப் பெண்கள் நடுவில் அதைச் சொல்லிவிட்டு, "இல்ல?" என்று என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். கற்பூரத்துக்கு முன்னால் ஆட்டிய அதே தலை.

காளவாய் போய்விட்டது. கால்வாய் கறுத்துப்போய், குறுக்கே கட்டையும் குப்பையுமாகக் கிடக்கிறது. அதில் பாய் விரித்துப் படகு போனது என்றால் மாடி வீட்டுப் பெண் நம்பமாட்டாள். எண்ணூர்ப் பக்கம் தண்ணீரில் அனல் மின் நிலையத்துச் சாம்பல். கோதண்டம் மாமாவும் இல்லை, அக்காவும் இல்லை. அவள் கொடுத்த பாவாடையை வெகுநாள் வைத்திருந்தேன், அதுவும் எங்கே போனதோ.

படத்தில் பறவைகள் சும்மா நிற்கின்றன. பறக்கும்போது எப்படி என்று அந்தப் பெண்ணைக் கேட்க வாய் வரை வந்தது, கேட்கவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

நான் எழுதியதில் வழி, மாசம் எது தப்பாக இருந்தாலும் தெரிந்தவர்கள் திருத்திவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் பழவேற்காடு போகிறவர்கள் யாராவது எனக்காகக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தப் பறவை எழும்புவதற்கு முன்னால் தண்ணீர்மேல் ஓடுகிறதா?