சிவப்பு டேப்பும் என் இடுப்பும்

நாற்பத்து மூன்றாவது வயதில், ஊரே பார்க்க, மாதனூருக்குக் கொஞ்சம் முன்னால் நெடுஞ்சாலை ஓரத்தில் நான் ஒரு புளியமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். மரத்தின்மேல் காதல் எதுவும் இல்லை. சைக்கிளிலிருந்து இறங்க முடியவில்லை, அவ்வளவுதான். இடுப்புக்குக் கீழே யாருடையவை என்று தெரியாத இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னாபா, பிரேக் புடிக்கலியா?" என்று கேட்டார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. குறை அதற்கு மேலே, ஹெல்மெட்டுக்குள் இருந்தது.

அது டிரையத்லான் சைக்கிள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து தன்னைத்தானே தண்டித்துக்கொள்கிறவர்களுக்காகச் செய்தது. ஹேண்டில்பாரின் நடுவிலிருந்து மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு கம்பிகள் முன்னால் நீண்டிருக்கும். அவற்றின் பின்பக்கம் முழங்கை வைக்க இரண்டு குட்டி மெத்தைகள். முழங்கைகளை ஊன்றி, முதுகை மேசைபோல மட்டமாக்கி, காற்றுக்கே தெரியாமல் நழுவிப் போய்விடவேண்டும் என்பது ஏற்பாடு. ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வந்துபோகும் வெளிநாட்டு டெக்னீஷியன் ஒருவர் அதைக் கொண்டுவந்து கெஸ்ட் ஹவுஸில் வைத்திருந்தார். ஒரு முறை ஊருக்குக் கிளம்பும்போது, "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஆறடி இரண்டு அங்குலம். நான் ஐந்தடி ஏழு, அதுவும் ஷூ போட்டுக்கொண்டால்.

சீட்டைத் தாங்கும் குழாயில், அது சட்டத்துக்குள் இறங்கும் இடத்தில், அவர் சிவப்பு டேப் ஒன்றை அழகாகச் சுற்றியிருந்தார். அங்கேதான் நான் விழுந்தேன்.

பாலாற்றங்கரையில் மத வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் கும்பிடும் சாமி ஒன்று உண்டு. அதன் பெயர் அப்ரூவ்டு சாம்பிள். வாங்குகிற வெளிநாட்டுக்காரர் ஒரு ஜோடி ஷூவைப் பார்த்துத் தலையாட்டி, டேக் என்கிற அட்டையில் கையெழுத்துப் போட்டு, அதை ஷூவில் கட்டித் தொங்கவிட்டால் முடிந்தது. அந்த ஷூவில் ஒரு தையல் கோணலாக இருந்தால் ஆயிரம் ஜோடியிலும் அதே கோணல் இருக்கவேண்டும். நேராகத் தைக்கிறவனுக்குத் திட்டு விழும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த நான், பதினைந்து வருஷத்தில் இந்தப் பக்தியில் நன்றாக ஊறியிருந்தேன், சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறுகிற மாதிரி. வெள்ளைக்காரர் அடையாளம் வைத்திருக்கிறார் என்றால் அது அளவு. அளவு என்றால் அதைத் தொடக்கூடாது. அவர் கால் வேறு, என் கால் வேறு என்பதெல்லாம் ஓர் உற்பத்திப் பிரச்சினை. என் காலை அதற்கேற்ப நான் தயாரித்துக்கொள்ளவேண்டும்.

இது என் சொந்த முட்டாள்தனமாக மட்டும் இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. என் மனைவி வேலூரில் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். கல்லூரி நாட்களில் பத்தாயிரம் மீட்டர் ஓடிப் பதக்கம் வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு பதினாறு வருஷமாக அவள் ஓடியதெல்லாம் பாகாயம் பஸ்ஸைப் பிடிக்கத்தான். சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் மூன்று பேர் கூட்டாகக் கலந்துகொள்ளும் போட்டி ஒன்று நடக்கப்போவதாகத் தெரிந்ததும், வீறாப்பாக மூன்று பெயரையும் கொடுத்தவன் நான்தான். நீந்துவதற்கு எங்கள் ஃபினிஷிங் செக்‌ஷனிலிருந்து கிணற்றில் பழகிய ஓர் அரக்கோணத்துக்காரர். நடுவில் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள், நான். கடைசியில் பத்து கிலோமீட்டர் ஓட்டம், அவள். சைக்கிள்காரர் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் வந்து சேராவிட்டால் ஓட்டக்காரரைக் கோட்டைத் தாண்ட விடமாட்டார்கள் என்பது விதி. லேஸை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவள் அதற்காகத் தினமும் விடியுமுன் எழுந்து பள்ளி மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் ஓடுவதா இல்லையா என்பது என் இடுப்பை நம்பி இருந்தது.

முதல் வாரமே அவள் சொன்னாள்: "ஏங்க, சீட்டைக் கொஞ்சம் எறக்குங்களேன். பெடல் கீழ போறப்பல்லாம் உங்க இடுப்பு ஊஞ்சல் ஆடுது."

"அது அவர் வச்ச அளவு."

"அவரு காலா உங்களுக்கு இருக்கு?"

"கணக்குப் போட்டு வச்சிருப்பாங்க. உனக்குத் தெரியாது."

"நான் பி.டி. டீச்சர்ங்க."

"அது பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு" என்றேன். அந்த வாரம் முழுக்க என் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம்.

வலி வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே மருந்துதான் தெரியும்: தோலும் பஞ்சும். சீட்டின்மேல் ஷூவுக்குள் வைக்கும் ஃபோமை இரண்டு அடுக்காக ஒட்டி, மிருதுவான ஆட்டுத்தோலால் உறை தைத்துப் போட்டேன். ராஜ சிம்மாசனம் மாதிரி இருந்தது. ஏற்கெனவே எட்டாத பெடல் இன்னும் அரை அங்குலம் கீழே போனதை நான் கவனிக்கவில்லை. நாட்டியக்காரி மாதிரி நுனிக்காலால் மிதித்துப் பழகிக்கொண்டேன். வலது பக்கம் சரிந்தால் வலி இடது பக்கம் வந்தது, இடது பக்கம் சரிந்தால் வலது பக்கம். ஆக மொத்தத்தில் நியாயமாகப் பங்கு போட்டு வலித்தது.

ஐந்து மாதம் இப்படிப் பயிற்சி செய்த பலன்தான் அந்தப் புளியமரம். வேலூர் வீட்டிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் வருவதற்கு இரண்டேகால் மணி நேரம் ஆகியிருந்தது. போட்டிக்கு நான்கு வாரம். ஈரத்தோல் ஏற்றிவந்த மினி லாரி ஒன்று என்னையும் சைக்கிளையும் மூட்டைகளின்மேல் போட்டு ஆம்பூரில் கொண்டுவந்து இறக்கியது. அந்த நாற்றத்தில் அன்று கம்பெனி லிஃப்ட்டில் என்னோடு ஏற யாரும் முன்வரவில்லை.

கம்பெனியில் என் படிப்பைவிட என் காலுக்குத்தான் மதிப்பு. ஆண்களுக்கான மாதிரி ஷூக்களை நாற்பத்திரண்டாம் அளவில் செய்வார்கள். என் கால் மில்லிமீட்டர் பிசகாத நாற்பத்திரண்டு. புது மாதிரி வந்தால் நான்தான் போட்டு நடந்து பார்க்கவேண்டும். எங்கே கடிக்கிறதோ அங்கே சில்வர் பேனாவால் கோடு போடவேண்டும். அன்றும் போட்டு நடந்தேன்.

"வலது குதிகால் வழுக்குது பாய். லாஸ்ட் தப்பு." லாஸ்ட் என்பது ஷூவை வடிக்கும் கால் அச்சு. பாய் என்பது எங்கள் சாம்பிள் ரூம் மாஸ்டர், அச்சு சீவுவதில் அவருக்கு மிஞ்சி ஆம்பூரில் ஆள் கிடையாது.

நான் நீட்டிய பேனாவை அவர் வாங்கவில்லை. "இன்னொரு தபா நடங்க சார்" என்றார். நடந்தேன். "திரும்புங்க." திரும்பினேன்.

"ஷூவுல ஒண்ணுமில்ல. நீங்கதான் ஒரு பக்கம் ஜாஸ்தியா, ஒரு பக்கம் கம்மியா நடக்கறீங்க. பத்து நாள்ல நீங்க கொறை சொன்னது மூணு ஜோடி. நல்ல லாஸ்ட்டை மூணு தபா சீவி வச்சிருக்கேன். பேஜாராப் போச்சு."

எனக்கு முகம் செத்துப்போயிற்று. கம்பெனியில் என்னிடம் இருந்த ஒரே நேர்மையான உறுப்பு பொய் சொல்ல ஆரம்பித்திருந்தது.

"அந்த சைக்கிளைக் கொண்டாங்க. நான் பாக்கறேன்."

"அதுல கை வைக்கக்கூடாது பாய். அவர் மார்க் பண்ணது. அப்ரூவ்டு."

"டேக் எங்க?"

"டேக் இல்ல. டேப்தான் இருக்கு."

"கையெழுத்து? தேதி?"

"இல்ல."

"டேக் இல்லாத பீஸுக்கு யாரு சார் அப்ரூவ்டுன்னு பேரு வச்சது? நாளைக்கு ஒரு ரிப்பனைக் கட்டிவிட்டா அதையும் கும்பிடுவீங்களா?"

சாஸ்திரப்படி அவர் சொன்னது சரி. என் மதத்தைச் சேர்ந்தவரே மேற்கோள் காட்டி அடித்தபோது, சைக்கிளைக் கொண்டுவர ஒப்புக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவியும் வந்தாள். தோல் அடுக்கும் இரண்டு மரக்குதிரைகளுக்கு நடுவே பின்சக்கரம் தரையில் படாமல் சைக்கிளை நிறுத்தி, என்னை ஏற்றி உட்காரவைத்தார்கள். பாய் என் கையில் சில்வர் பேனாவைக் கொடுத்தார். "பரவால்லன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க, நான் வூட்டுக்குப் போய்டுவேன். ஷூவுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க. எங்க கடிக்குது?"

"குதிகாலை பெடல்ல வைங்க" என்றாள் அவள். "பெடல் அடியில வர்றப்ப முழங்கால் நேராகணும். எட்டிப் புடிக்கக்கூடாது."

குதிகாலுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு எலி தாராளமாகப் போய்வரலாம். சிம்மாசனம் முதலில் போயிற்று. பிறகு பாய் தோல் சீவும் கத்தியால் சிவப்பு டேப்பைக் கீறி உரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடியில் குழாயில் நீளமாக ஒரு கீறல் இருந்தது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீட் இரண்டு விரல் இறங்கியது. தொடை வயிற்றில் இடிக்கிறது என்று தொப்பையில் கோடு போட்டுக் காட்டினேன். சீட்டைக் கட்டைவிரல் அளவு முன்னால் தள்ளினார்கள். இடிப்பது நின்றது.

"இப்ப?"

"நல்லா இருக்கு" என்றேன், பழக்கதோஷத்தில்.

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

"கழுத்து" என்றேன் அவசரமாக. "தோள்பட்டையும். ஆனா முன்பக்கத்தை ஒசத்தக்கூடாது பாய். எவ்ளோ குனியறமோ அவ்ளோ வேகம்."

மனைவி சிரித்தாள். "இருவது நிமிஷம் புலி மாதிரி குனிஞ்சிட்டு, மீதி நேரம் தபால்காரர் மாதிரி நிமிந்து ஓட்டினா காத்து உங்களைப் பாத்துச் சிரிக்கும். கடைசி வரைக்கும் எவ்ளோ குனிய முடியுதோ, அதுதான் உங்க குனியல்."

பெண்கள் ஷூவின் ஹீலுக்கு அடுக்கும் அட்டைத்தோல் துண்டுகளை எடுத்து, முழங்கை மெத்தைகளுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார் பாய். நான்காவது துண்டில் என் முழங்கைகள் தோளுக்கு நேர்கீழே வந்து நின்றன. பாரத்தைத் தசைகள் கைவிட்டு, எலும்புகள் வாங்கிக்கொண்டன. பத்து நிமிஷம் மிதித்தேன்.

"இன்னா சார், பேச்சையே காணோம்?"

"எங்கயும் கடிக்கல பாய்."

"அப்ப அதான் ஃபிட்டு." அவர் ஓர் அட்டையை எடுத்துத் தேதி எழுதி, சீட்டுக்கு அடியில் கட்டினார். கையெழுத்துக்கு என்னிடம் நீட்டவில்லை. என் மனைவியிடம் நீட்டினார். அவள் மார்க் ஷீட்டில் போடுவதுபோல முழுப்பெயரோடு போட்டாள்.

போட்டியில் திரும்பும் இடத்தைத் தவிர வேறெங்கும் நான் நிமிரவில்லை. என்னைத் தாண்டிப் போனவர்களை எண்ணுவதைப் பாதியில் விட்டுவிட்டேன். ஒரு மணி நாற்பத்தோரு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தபோது அவள் கோட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணுக்காலில் இருந்த, நேரம் பதியும் பட்டையை அவளே அவிழ்த்துத் தன் காலில் கட்டிக்கொண்டு போனாள். என்னைத் தாண்டிப் போனவர்களின் கூட்டாளிகளை அவள் வரிசையாகத் தாண்டினாள். அந்த ஓட்டத்தைப் பற்றி எழுத எனக்கு நக்கல் வரவில்லை, மன்னிக்கவேண்டும்.

அடுத்த சீசனுக்கு டெக்னீஷியன் வந்தார். சாம்பிள் ரூம் மூலையில் அட்டையோடு நின்ற சைக்கிளைப் பார்த்து, "அட, இன்னும் இருக்கிறதா?" என்றார். பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன்போல, அவர் வைத்த அளவை மாற்றிவிட்டதைச் சொன்னேன்.

"எந்த அளவு?"

"அந்தச் சிவப்பு டேப்."

"அதுவா? அங்கே ஒரு கீறல் விழுந்திருந்தது, பார்க்க அசிங்கமாக இருந்தது, ஒட்டி மறைத்தேன்" என்றார். "சீட் என்ன உயரத்தில் இருந்தது என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரே ஒரு நாள் கெஸ்ட் ஹவுஸ் கேட் வரைக்கும் ஓட்டினேன், முதுகு பிடித்துக்கொண்டது. அதனால்தானே உங்களிடம் கொடுத்தேன்?"