வரதராஜன் கொண்டுவந்த பிரெஞ்சுக் கடுகு

மாதத்தின் முதல் சனிக்கிழமை வந்துவிட்டால் வரதராஜன் காலையிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்று மாலை சைனிக்புரியில், பழைய பங்களா ஒன்றில் நடக்கும் பிரெஞ்சு ரெஸ்டாரன்டில், அவர் நண்பர்களோடு ஸ்டேக் சாப்பிட்டாக வேண்டும். வரவில்லை என்றால் யாரும் கையைப் பிடித்து இழுத்துப் போகப்போவதில்லை. அதுதான் அவருடைய பயமே.

அரசுத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலையில் இருந்தவரை நட்டு, போல்ட்டுக்காகவாவது நாலு பேர் தேடி வந்தார்கள். இப்போது தேடி வருவது காஸ் சிலிண்டர்க்காரர் மட்டும்தான். மிச்சம் இருந்தது போலாரத்தில் கூடப் படித்த சிநேகிதர்களும், அந்த மேஜையில் அவருக்கென்று இருந்த ஒரு நாற்காலியும். அதுவும் போய்விட்டால் உலகத்தில் தன்னை யாருக்கும் தெரியாது என்று வரதராஜன் மனதார நம்பினார்.

மேஜைக்குத் தலைவர் ஃபெலிக்ஸ். கம்பெனி செலவில் ஒருமுறை பிரான்சுக்குப் போய் வந்தவர். போனது பாய்லர் பராமரிப்பு கற்றுக்கொள்ள. திரும்பி வந்தபோது சாப்பாட்டு மேதையாகியிருந்தார். ஸ்டேக் என்றால் மீடியம் ரேர்தான், வெட்டினால் நடுவில் ரத்தச் சிவப்பு தெரிய வேண்டும், நன்றாக வேகவைக்கச் சொல்கிறவன் செருப்பைத் தின்னலாம் என்பது அவர் போட்ட சட்டம். மெனுவில் டெண்டர்லாயின் என்று மட்டும் போட்டிருக்கும். அது எந்தப் பிராணி என்று கேட்பது நாகரிகமில்லை என்பதால், நண்பர்களில் ஒருவரான ராஜகோபால் இத்தனை வருடமும் மனச்சாட்சிக்குத் தொந்தரவில்லாமல் சாப்பிட்டு வந்தார்.

சட்டத்தை மீறியவர் ஸ்ரீகாந்த் ஒருவர்தான். "தம்பி, இதைக் கொண்டுபோய் நல்லா வேகவெச்சு எடுத்துட்டு வா. அப்படியே கொஞ்சம் கெச்சப்" என்று ஒருநாள் பட்டென்று கேட்டுவிட்டார். மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயர் இல்லை. ஏன் என்று யாரும் மூச்சுவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கணக்கைப் பார்த்து எழுதிப் பாஸான வரதராஜனும் விடவில்லை.

காலை நடையில் சந்திக்கும்போதெல்லாம் ஸ்ரீகாந்த் கேட்பார். "டேய் வரது, எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன். இனிமே கெச்சப் கேக்க மாட்டேன்டா."

"நேரம் பார்த்துச் சொல்றேன்டா" என்பார் வரதராஜன். அந்த நேரம் வந்தபாடில்லை.

இத்தனைக்கும் வரதராஜன் அந்தப் பச்சைக் கறியை ரசித்து விழுங்கியவர் அல்ல. அவர் பேன்ட் பாக்கெட்டில் ஒரு குட்டி டப்பா இருக்கும். அதற்குள் மனைவி அம்மணி போட்ட ஆவக்காய் ஊறுகாய். பக்கத்து வீட்டு நாகம்மாவிடம் அம்மணி கற்றுக்கொண்டது. இப்போது நாகம்மாவே வந்து வாங்கிக்கொண்டு போகிறாள். வருடா வருடம் முதல் பாட்டில் ஸ்ரீகாந்துக்குத்தான். டப்பாவில் மாங்காய்த் துண்டு இருக்காது, விழுது மட்டும். ஃபெலிக்ஸ் ஒயின் கிளாசுக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடுகிற நேரத்தில், வரதராஜன் மடியில் வைத்த டப்பாவிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துச் சாஸில் கலந்துவிடுவார். ஆவக்காயில் பாதி கடுகுப் பொடி. பிரெஞ்சுக்காரர்களும் மேஜையில் கடுகுதான் வைக்கிறார்கள். வாசனையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த மே மாதம் ஃபெலிக்சுக்கு ஜலதோஷம். ஒயினில் வாசனை பிடிபடாமல் சீக்கிரமே கண்ணைத் திறந்துவிட்டார்.

"கைக்குடா, ஏன் உன் சாஸ் மட்டும் இந்தக் கலர்ல இருக்கு?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் ரொட்டியைப் பிய்த்து வரதராஜன் தட்டில் தோய்த்து வாயில் போட்டார்.

ஃபெலிக்சின் கண்ணில் நீர் முட்டியது. அடைத்த மூக்கு திறந்தது. வாட்ஸ்அப்பில் தன் பெயர் மறைவதை வரதராஜன் அங்கேயே பார்த்துவிட்டார்.

"பிரான்சுல, லியோன்ல சாப்பிட்டிருக்கேன்" என்றார் ஃபெலிக்ஸ் மெதுவாக. "இதே மஸ்டர்டு. கிராமத்துல கையால அரைப்பாங்க. இங்க எவனுக்கும் கிடைக்காது. உனக்கு ஏதுடா?"

உண்மையைச் சொல்ல வாய் திறந்த வரதராஜன், "ரஞ்சனா கொண்டுவந்தா" என்றார். ரஞ்சனா அவர் மகள், ஜெர்மனியில் இருக்கிறாள். இங்கிருந்து ஆவக்காய் தூக்கிக்கொண்டு போவாளே தவிர, அங்கிருந்து சாக்லேட்டைத் தவிர எதையும் கொண்டுவந்தவள் இல்லை.

அடுத்த மாதம் டப்பா பாக்கெட்டிலிருந்து மேஜைக்கு வந்தது. சர்வர் அதைப் பீங்கான் கிண்ணத்தில் மாற்றி, நடுவில் பயபக்தியோடு வைத்தார். முதல்முறையாக எல்லாத் தட்டும் காலியானது. ராஜகோபால் கிண்ணத்தை வழித்து நக்காத குறை. "வரதுவுக்கு நாக்கு இருக்குடா" என்றார் ஃபெலிக்ஸ். நாற்பது வருட சர்வீசில் யாரும் வரதராஜனைப் பாராட்டியதில்லை.

வயிறு நிறைந்ததும் ஃபெலிக்சுக்கு மனசும் இளகியது. "பாவம்டா ஸ்ரீகாந்த். இந்த மஸ்டர்டு இருந்தா அவன் கெச்சப் கேட்டிருப்பானா? கூப்பிட்டுடலாமா? என்ன வரது, உன் தோஸ்துதானே?"

இத்தனை நாள் வராத நேரம் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. வரதராஜன் கிண்ணத்தைப் பார்த்தார். ஸ்ரீகாந்த் இதில் ஒரு வாய் வைத்தால் போதும், அம்மணி கைப்பக்குவம் என்று மேஜைக்கே கேட்கும்படி சொல்லிவிடுவார்.

"நக்கோடா, வேணாம்" என்றார் வரதராஜன். "அவனுக்கு ருசி தெரியாது."

"ஹவ், ஆமா, அதுவும் சரிதான்" என்றார் ஃபெலிக்ஸ்.

மறுநாள் காலை, ஸ்ரீகாந்துக்கென்று அம்மணி எடுத்து வைத்திருந்த பாட்டிலோடு வரதராஜன் நடக்கப் போனார். ஸ்ரீகாந்த் நடைபாதையிலேயே மூடியைத் திறந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

"சொன்னியாடா?"

"சொன்னேன். அவனுங்க ஒத்துக்கல."

"போகட்டும் விடு" என்ற ஸ்ரீகாந்த், கையைத் துடைத்துவிட்டு வரதராஜன் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்காகப் பேச நீ ஒருத்தனாவது இருக்கியே."