எருதுக்கு வைத்த பாடு

எருதுகளுக்குப் பாடு வைத்த கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்போது பழவேற்காட்டுக் கோட்டை உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், கையில் இருந்தது. எங்கள் குப்பத்துக்கு ஏரி மீன்தான் பிழைப்பு. மழைக்காலத்தில் மட்டும் கரையோரத் துண்டு நிலங்களில் நெல் விதைப்போம். எருது யாரிடமும் கிடையாது. மண்வெட்டியால் கொத்தி முடிப்பதற்குள் மழையே முடிந்துவிடும்.

ஒருநாள் கோட்டைக்காரர்களின் பேச்சை நமக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வந்தார். ஒரு ஜோடி எருது கடனாகத் தருவார்களாம். அறுவடையில் நெல்லாகத் திருப்பினால் போதுமாம். எருது இளைத்தாலோ செத்தாலோ, நெல் வராவிட்டாலோ கடன் ஓலையில் கீறல் போட்டவனின் நிலம் கோட்டைக்குப் போய்விடும். இதைக் கேட்டதும் ஊரே தலையைச் சொறிந்துகொண்டு நின்றது. என் நைனா போய்க் கீறிவிட்டு வந்தார். நிலமோ அம்மாவுக்கு அவள் அப்பா கொடுத்தது.

அதோடு விட்டாரா? "மீனுக்குப் பாடு வெச்சிருக்கோம், மாட்டுக்கு வெச்சா இன்னா?" என்றார் சித்தப்பா. ஏரியில் இன்று இந்த வீடு, நாளை அந்த வீடு என்று சீட்டுப் போட்டு முறை வைத்து வலை இறக்குவதுதான் பாடு. நைனா உடனே சரியென்றார். கோடு கீறிய கிளிஞ்சல்களைப் பானையில் போட்டுக் குலுக்கினார்கள். எங்கள் வீட்டுக்காக நான் எடுத்தேன். முதல் பாடு! குதித்தேன். நைனா அதை என் கையிலிருந்து வாங்கி, கடைசிப் பாடு விழுந்த வீட்டுக்காரரிடம் கொடுத்து மாற்றிக்கொண்டார். அன்று நான் கோபத்தில் சாப்பிடவில்லை. திட்டித் தீர்ப்பதிலேயே பொழுது போனதால் அம்மாவும் சாப்பிடவில்லை. நைனா மட்டும் வயிறாரச் சாப்பிட்டார்.

ஏரி மீனுக்கு யாரும் தீனி போட வேண்டியதில்லை. எருதுக்குப் போட வேண்டும் என்பது அந்தப் புத்திசாலிகள் ஒருவருக்கும் தோன்றவில்லை. உழுவதற்கு மட்டும் விடியுமுன் ஓட்டிப்போவார்கள். தீனி என்றால், நேற்று வைத்திருந்தவன் போட்டிருப்பான், நாளை வாங்குபவன் போடுவான். உழுது முடித்த வீட்டார் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. நானும் அம்மாவும் அறுத்துப் போட்ட புல் எந்த மூலைக்கு? எருதுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, மறுநாள் துபாஷி எருதுகளைப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. அம்மா தெருவில் இறங்கிவிட்டாள்.

"என் அப்பன் குடுத்த நெலம்! நாளைக்கு அவன் வந்து இந்த எலும்பப் பாத்தான்னா எழுதிக்கினு பூடுவான். அப்பால என் புள்ளைங்க இன்னாத்த துன்றது?"

முதல் பாடு வாங்கி உழுத வீட்டுக்காரர், எங்க பாடுதான் முடிஞ்சிபோச்சே என்று முணுமுணுத்தார். பக்கத்து வீட்டு அக்கா பாய்ந்தாள்: "கீறல் போட்டவரு கொல்லையே இன்னும் உழுவல. உனக்கு ஒரு கத்த வைக்கோலு குடுக்க வலிக்குதா?"

அவர் போய் வைக்கோல் கொண்டுவந்தார். பிறகு குப்பமே கிளம்பிற்று. தவிடு, கழுநீர், கஞ்சி, எல்லாம் வந்தது. ஒருத்தி கருவாடுகூட எடுத்து வந்தாள், அவளை விரட்டினோம். விடிந்தபோது இரண்டு எருதும் வயிறு உப்பி, நகர முடியாமல் முனகிக்கொண்டு நின்றன. துபாஷி சுற்றி வந்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"பேஷ், நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார். நைனா வெட்கமில்லாமல் கும்பிட்டார். துபாஷியின் தலை மறைந்ததும் இஞ்சிச் சாறு புகட்டி, பொழுது சாயும்வரை கரையில் நடத்தித்தான் எருதுகளைப் பிழைக்க வைத்தோம்.

அதன்பிறகு தீனிக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் பாடு வந்தபோது மழை ஓய்ந்து மண் இறுகியிருந்தது. விதைத்தது முளையிலேயே கருகிற்று. ஊரெல்லாம் அறுத்தார்கள். கருகிய வயலைப் பார்க்கப் பார்க்க எனக்கு நைனாவின் மேல் அப்படி ஓர் ஆத்திரம்.

களத்தில் நெல்லைப் போரடித்த அன்று சாயங்காலம் ஒவ்வொரு வீட்டாரும் கூடையில் நெல் கொண்டுவந்து எங்கள் வாசலில் கொட்டினார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. முதல் பாடு வாங்கி உழுதவர் முதல் ஆளாக வந்தார். குவியலைப் பார்த்த அம்மா, கோட்டைக்கு அளந்து கொடுத்தாலும் நமக்கு மிஞ்சும் என்றாள். சொல்லிவிட்டு, அதற்கும் சேர்த்து நைனாவைத் திட்டினாள்.

முதலில் நாங்கள் உழுதிருந்தால் அது எங்கள் கடனாக மட்டும் இருந்திருக்கும், கடைசியில் உழுததால்தான் ஊர்க்கடனாயிற்று என்று அன்று எனக்குத் தெரியாது. ஊரில் எல்லாருக்கும் விளைந்திருக்கிறது, எங்களுக்கு மட்டும் விளையவில்லை என்பதுதான் தெரிந்தது. நைனாவிடம் போய், அடுத்த வருஷம் நான் எடுக்கும் கிளிஞ்சலைத் தரவே மாட்டேன் என்று சண்டை போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார்.