மாட்டினவர்தான் கழட்டணும்

என் தங்கைக்கு வயது முப்பத்தாறு. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு பெரிய லாண்டரியில், மடிக்கும் பிரிவில் வேலை. அங்கே அவளுக்குப் பெயர் ‘ஸ்கேல்’. அவள் மடித்த விரிப்புகள் நூறை அடுக்கினால் ஓரம் சுவர் மாதிரி நிற்கும். ஒன்று விரல் அகலம் துருத்திக்கொண்டிருந்தாலும் நூறையும் பிரித்துப் போடுவாள். மெஷின் சத்தத்துக்குக் காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் ஒரு மூடி. பின்னாலிருந்து யாரும் தொடக் கூடாது. டீக்குக் கூப்பிடக் கூடாது, வந்தால் அவளே வருவாள். இவ்வளவும் தெரிந்தவர்கள் அவளிடம் நன்றாகப் பழகுவார்கள். தெரியாதவர்கள் திமிர் பிடித்தவள் என்பார்கள்.

நான் லிப்ட் மெக்கானிக். எட்டாவதோடு படிப்பை விட்டவன். லிப்ட் இல்லாத கட்டிடத்தில் நாலாவது மாடியில் குடியிருக்கும் லிப்ட் மெக்கானிக் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அப்பா அம்மா போன பிறகு இரண்டு ரூமில் நானும் அவளும்.

சின்ன வயதில் சட்டைக் காலரில் தைத்திருக்கும் துணிப்பட்டி உரசினாலே அழுவாள். சொந்தக்காரர்கள் வந்தால் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அம்மா ‘அழுத்தக்காரி’ என்றாள், அப்பா நாலு சாத்தினால் சரியாகும் என்றார். இரண்டாலும் ஒன்றும் சரியாகவில்லை. ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு சிநேகிதி. அவள் பேச்சு, அவள் நடை, இவளுக்கு எல்லாம் அவள்தான். ஒரு நாள் அந்தப் பெண் வேறொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்று சாயங்காலம் என் தங்கை தன் பின்னலைத் தானே அடியோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். அந்தப் பின்னலைக் கையில் பிடித்தபடி நின்ற முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பெரியவளான பிறகு ஏழு வேலை மாறினாள். எல்லா இடத்திலும் முதல் மாதம் யாரோ ஒருவர் தெய்வம். மூன்றாவது மாதம் அதே ஆள் பேய். டாக்டர்களும் அப்படித்தான். ஒருவர் மனச்சோர்வு என்றார், ஒருவர் பார்டர்லைன் என்கிற ஆளுமைக் கோளாறு என்றார், மாத்திரை மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு டாக்டரம்மா இரண்டு மாதம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவளுக்கு ஆட்டிசமும் இருக்கிறது, பார்டர்லைனும் இருக்கிறது, ஒன்று இன்னொன்றை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது என்றார். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு. எது எத்தனை சதவீதம் என்று கேட்டாள் தங்கை. டாக்டரம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். அவளுக்குள் ஒன்று, யாரும் கிட்ட வராதே என்கிறது. இன்னொன்று, என்னை விட்டுப் போய்விடாதே என்கிறது. இரண்டும் ஒரே தொண்டையில் ஒரே நேரத்தில் கத்துகின்றன. கூட இருப்பவன் எங்கேதான் நிற்பது?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எட்டே காலுக்கு வந்தேன். வேலை இழுத்துவிட்டது. அன்று அவள் என்ன செய்துகொண்டாள் என்று இங்கே எழுத மாட்டேன். பிழைத்தாள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. வீட்டில் ஆபத்தானது எதுவும் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். எடுத்துக் கொட்டினேன். ஆனாலும் வீடு என்று இருந்தால் எல்லாவற்றையும் கொட்ட முடியாது. சமையலறையில் ஒரு அலமாரி இருக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

அதற்குப் பிறகு நான் செருப்பு மாட்டினாலே கேள்விதான். திரும்பி வருவியா? வருவேன். எப்படித் தெரியும்? வருவேன்னா வருவேன், விடு. ஒரு நாளைக்கு நாற்பது தடவை. நான் எரிந்து விழுந்ததும் உண்டு. சத்தியம் என்று சொன்னால், அதை எதால் அளப்பது என்று கேட்பாள்.

ஒரு நாள், நான் லிப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்யும்போது மேலே யாராவது சுவிட்சைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். நசுங்கிச் சாவேன் என்றேன். அப்புறம் சிவப்பு அட்டையைப் பற்றிச் சொன்னேன். வேலைக்கு இறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, அதில் என் போட்டோ ஒட்டிய சிவப்பு அட்டையை மாட்டுவேன். ‘ஆள் உள்ளே இருக்கிறார். தொடாதே.’ அந்த அட்டையை மாட்டினவர்தான் கழட்டணும். முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. அட்டை தொங்குகிறது என்றால் ஆள் இன்னும் வேலையை முடிக்கவில்லை, திரும்பி வந்து கழட்டுவான் என்று அர்த்தம்.

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், எனக்கும் ஒன்று வேண்டும் என்றாள்.

பழைய அட்டை ஒன்றைக் கொண்டு வந்தேன். வாசல் கதவுப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தாள். நான் வெளியே போகும்போது அட்டையை ஆணியில் மாட்ட வேண்டும், பின்பக்கம் பென்சிலில் நேரம் எழுத வேண்டும். வந்ததும் நானே கழட்டி ஷெல்பில் வைக்க வேண்டும். அவள் தொடவே மாட்டாள். அன்றோடு அந்த நாற்பது கேள்வியும் நின்றது. இரண்டு வருடமும் சில மாதமும் அந்த அட்டை எங்கள் வீட்டைத் தாங்கியது.

போன மாதம் நான் அதைக் கெடுத்தேன்.

என் வேலை அட்டை முந்தின நாள் விரிசல் விட்டிருந்தது. ஒட்டலாம் என்று ஷெல்பில் வீட்டு அட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் காலை ஐந்தரைக்கே வேலைக்குப் போய்விடுவாள், நான் எட்டு மணிக்கு. அவசரத்தில் ஷெல்பிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆணியை நான் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

ஊரின் மறுகோடியில் ஒரு ஆபீஸ் கட்டிடம். அட்டையை மாட்டிவிட்டு மோட்டார் ரூமில் வேலை. என் பார்ட்னர் கீழே குழிக்குள் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். இருபது வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம், கிண்டலில் அவன் வாய் நிற்காது. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும். சுவிட்ச் பெட்டிப் பக்கம் போன என் தோள் இடித்து அட்டை திரும்பியது. பின்பக்கம் என் கையெழுத்தில் பென்சில் நேரங்கள். ஒன்றை அழித்து ஒன்று, அதை அழித்து இன்னொன்று.

அது வீட்டு அட்டை.

அவள் வேலை முடிந்து வீடு சேர்வது இரண்டரை. உள்ளே நுழைந்ததும் முதலில் பார்ப்பது ஆணியை. ஆணி காலி என்றால், ஆள் வேலையை முடித்துவிட்டான். கழட்டிக்கொண்டு போய்விட்டான்.

லாண்டரிக்குப் போன் போட்டேன். அங்கே சூப்பர்வைசராக இருக்கும் அக்கா, இப்போதுதான் போனாள் என்றார். தங்கையின் போன் ஒலிக்காது, ஒலித்தால் அவளுக்கு ஆகாது. மெசேஜை நாலு மணிக்குத்தான் பார்ப்பாள், ஒரு நாளைக்கு ஒரே தடவை. இருந்தாலும் அனுப்பினேன். மூன்று தடவை தப்பாக அடித்தேன்.

அட்டையைக் கழட்டிக்கொண்டு ஓட முடியாது. பார்ட்னர் குழிக்குள் இருக்கிறான். அப்படி ஓடுகிறவன் மெக்கானிக் இல்லை, கொலைகாரன். கீழே போய் அவனை ஏறி வரச் சொன்னேன். ஏணியில் ஒவ்வொரு படியாக வந்தான். அவன் அவ்வளவு மெதுவாக ஏறி நான் பார்த்ததே இல்லை. விஷயத்தைச் சொன்னதும் கிண்டலை நிறுத்திவிட்டான்.

“உன் அட்டையக் கழட்டு. நான் என்னுதை மாட்டிக்கறேன். போ,” என்றான். “படியில ஓடாத. நீ விழுந்து வெச்சா அதுக்கு வேற யார் பதில் சொல்றது?”

டாக்சியில் ஒரு மணி நேரம். டிரைவர் சம்பளம், பெட்ரோல், மருமகன் என்று ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் அவள் எந்த இடத்தில் இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். இப்போது படியேறுகிறாள். இப்போது சாவி. இப்போது ஆணி. அதற்கு மேல் நினைப்பை ஓட விடாமல் கையிலிருந்த அட்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன். போட்டோவில் இருந்தவன் ஒன்றும் தெரியாத மாதிரி முழித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுப் படியில் கால் வைத்தபோது மூன்று பத்து. நாலு மாடி. இரண்டாவது மாடியில் மூச்சு முட்டியது. எனக்கு எது அதிகப் பயம் தெரியுமா? அழுகைச் சத்தம் கேட்கும் என்பதில்லை. ஒன்றும் கேட்காமல் இருந்துவிடுமோ என்பதுதான்.

ஒன்றும் கேட்கவில்லை.

கதவு பூட்டவில்லை. ஆணி காலி. அவள் செருப்பு எப்போதும் போல ஜோடியாக இருந்தது. நேராகச் சமையலறைக்குப் போனேன், அந்த அலமாரியைப் பார்க்க.

அலமாரிக் கைப்பிடியில் ஒரு அட்டை தொங்கியது. லாண்டரி சோப்புப் பெட்டியிலிருந்து வெட்டியது. நாலு ஓரமும் ஸ்கேல் வைத்த மாதிரி நேர். சிவப்புப் பேனாவால் கட்டம், கட்டத்துக்குள் அவளுடைய பழைய லாண்டரி அடையாள அட்டையிலிருந்து கிழித்த போட்டோ. கீழே: ‘ஆள் உள்ளே இருக்கிறார். தொடாதே.’ ஓரத்தில் நேரம், 2.47.

உள் ரூமுக்குப் போனேன்.

அவள் உள் ரூமில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், போர்வைக்குள், காதுமூடியோடு இருந்தாள். உயிரோடு இருந்தாள். முழங்கையில் நகம் பதிந்து சிவந்திருந்தது, அதைத் தவிர ஒன்றுமில்லை. கிட்டே போகாமல் வாசலிலேயே உட்கார்ந்தேன். என்னைப் பார்த்தவள் காதுமூடியை எடுத்தாள்.

“எதுக்கு வந்தீங்க?”

எங்கள் வீட்டில் மரியாதை வந்தால் ஆபத்து. நல்ல நாளில் நான் அவளுக்கு ‘நீ’, சில சமயம் ‘டேய்’ கூட.

அட்டையைத் தப்பாக எடுத்துப் போய்விட்டேன் என்றேன். ஷெல்பில் இரண்டு இருந்தது, பார்க்காமல் எடுத்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. நான் நல்லவன் மாதிரி நடித்தேன் என்றாள், எல்லோரும் இப்படித்தான் சாக்குச் சொல்லிக்கொண்டு போவார்கள் என்றாள், என் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை என்றாள். தலையணை பறந்து வந்தது, பின்னாலேயே ஒரு புத்தகம். நெற்றியில் பட்டது. எழுந்து போகலாம் என்று பார்த்தேன். உடனே, “போனா அவ்வளவுதான்,” என்றாள். உட்கார்ந்தேன். “இங்க இருக்காதீங்க,” என்றாள். பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக நிலைப்படியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சரியான இடம் அதுதான் போலிருக்கிறது.

நாலு மணி ஆனது. போனை எடுத்து என் மெசேஜைப் படித்தாள். அதில் 2.03 என்று நேரம் இருந்தது.

“எத்தனை மணிக்குப் பார்த்தே, தப்பான அட்டைன்னு?”

“ஒன்னு ஐம்பத்தஞ்சு.”

“மெசேஜ் ரெண்டு மூணுக்கு. எட்டு நிமிஷம் என்ன பண்ணினே?”

“லாண்டரிக்குப் போன் பண்ணினேன். அப்புறம்தான் மெசேஜ். மூணு தடவை தப்புத் தப்பா அடிச்சேன்.”

நேரக் கணக்கு சரியாக வந்தது. அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் அலமாரியைப் பற்றிக் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“உன் அட்டை இல்லேன்னா நீ முடிச்சிட்டேன்னு அர்த்தம். எனக்குள்ள ஒருத்தி, நீயும் முடின்னு சொன்னா. ஆனா நான் இன்னும் முடிக்கல. வெளுத்த துணி பாதி மடிக்காம இருக்கு, நாளைக்கு ஷிப்ட் இருக்கு. அதான் என்னுதை மாட்டினேன். மாட்டினவர்தான் கழட்டணும். அவ மாட்டல. அதனால அவ தொட முடியாது.”

வாசலில் கிடந்த தலையணையை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன்.

டாக்டரம்மாவிடம் மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். அந்தச் சோப்பு அட்டையைப் பற்றிக் கேட்டு, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். இனி வாரம் இரண்டு தடவை வரச் சொன்னார். தங்கை என்னோடு ஒன்பது நாள் சரியாகப் பேசவில்லை. ஷெல்பில் இரண்டு அட்டைக்கும் தனித்தனி இடம் கோடு போட்டு வைத்திருக்கிறாள். என் வேலை அட்டை இப்போது பையிலேயே இருக்கிறது, ஷெல்புக்கு வருவதில்லை.

அலமாரி அட்டை இன்னும் தொங்குகிறது. வேலை முடிந்து அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஆணியைப் பார்க்கிறாள். நான் நுழைந்ததும் அலமாரியைப் பார்க்கிறேன். ஒரு நாள் அது அங்கே இல்லாமல் போனால் என்ன அர்த்தம் என்று அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நாற்பது தடவை கேட்டவள் எப்படித் தவித்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது.

சமையல் ஆவி பட்டு அந்தச் சோப்பு அட்டை ஓரம் சுருள ஆரம்பித்தது. ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி வந்தேன். கழட்டாமல் உறை போட முடியாது. கழட்டினால் முடிந்தது என்று அர்த்தம். இரண்டு நாள் யோசித்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, முதலில் என் அட்டையை அந்தக் கைப்பிடியில் மாட்டச் சொன்னாள். மாட்டினேன். தன்னுடையதைக் கழட்டினாள். உறைக்குள் போட்டு, நாலு மூலையும் சரிபார்த்து, ஒரு மூலை பிடிக்காமல் வெளியே எடுத்து மறுபடி போட்டாள். அந்த இரண்டு நிமிடமும் நான் என் அட்டையின் ஓரத்தைப் பிடித்தபடியே நின்றேன்.

மாட்டினாள். நேரம் எழுதினாள்.

“இப்ப உன்னுதைக் கழட்டிக்கலாம் நீ,” என்றாள்.