(ஆ) கேள்வி எழவில்லை

சட்டமன்றத்தில் அமைச்சர் எழுந்து நின்று கணீரென்று பதில் சொல்வதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதிலை எழுதிய பாவி திண்டுக்கல்லில் ஒரு பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருப்பதை எந்த டிவியும் காட்டுவதில்லை. அந்தப் பாவி நான்தான். அரசு வீடு கட்டும் திட்டங்களையும் ஊராட்சி வேலைகளையும் பார்க்கிற ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். சட்டமன்றக் கேள்வி என்று எது வந்தாலும் என் மேஜைக்குத்தான் வரும்.

இதே மேஜை எல்லா ஊரிலும் உண்டு. அதில் உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காக. மற்றவர்களும் படிக்கலாம். நீங்கள் பதறுகிற இடத்தில் அவர்கள் சிரிப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

நடுவில் எதற்குச் சென்னை?

கேள்வி எப்போதும் காலை பதினொன்றரைக்கு வரும். பதில் மாலை நாலு மணிக்குள் போயாக வேண்டும். உறுப்பினர் கேட்ட கேள்வி சென்னையில் இரண்டு மூன்று அலுவலகம் ஏறி இறங்கி என்னிடம் வரும். நான் ஒன்றியத்துக்குத் தள்ளுவேன், ஒன்றியம் ஊராட்சிச் செயலருக்குத் தள்ளும். தள்ளுகிற ஒவ்வொருவரும் மேலே சிவப்பு மையில் ‘மிக மிக அவசரம்’ என்று எழுதுவோம். எனக்கு வந்து சேர்வதற்குள் கேள்வியை விட அவசரம்தான் பெரிதாகத் தெரியும்.

ஒருமுறை வடமதுரைப் பக்கத்து ஊராட்சி ஒன்றில் தெருவிளக்குகள் எரியாததை அரசு அறியுமா என்று கேள்வி. நேரமில்லை, அந்த ஊராட்சியின் செயலர் முருகேசனுக்கு நானே போன் போட்டு கேள்வியை முழுசாக வாசித்தேன். அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம். லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்று கத்தினேன்.

“இருக்கேன்க்கா. அந்தக் கேள்விய எழுதிக் குடுத்ததே நான்தான். உங்க ஊர்ல என்ன கொறைன்னு எம்.எல்.ஏ. ஆபீஸ்ல கேட்டாக, எழுதிக் குடுத்தேன். கேள்வியும் நானு, பதிலும் நானுன்னா, நடுவுல எதுக்குக்கா சென்னை?”

வாழைப்பழத்துக்கு ஒரு வரி

அமைச்சர் பதிலைப் படித்து முடித்ததும் உறுப்பினர்கள் வரிசையாக எழுந்து துணைக் கேள்வி கேட்பார்கள். என்ன கேட்பார்கள் என்பதை நாம் முன்கூட்டியே யோசித்துக் குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். ஜோசியம் தெரிந்தவர்களை இந்த வேலைக்கு எடுக்கலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். சிறுமலை வீடுகள் பற்றிக் கேள்வி வந்தபோது எதையும் விடக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். மலைப்பாதையில் எத்தனை வளைவு, ஒரு நாளைக்கு எத்தனை பஸ், சிமென்ட் மூட்டை எப்படி மேலே போகிறது, மூட்டை நனையாமல் இருக்க என்ன ஏற்பாடு, எல்லாம் எழுதினேன்.

சபையில் ஓர் உறுப்பினர் எழுந்தார். சிறுமலை வாழைப்பழத்தின் ருசி முன்போல் இல்லையே, அதை அமைச்சர் அறிவாரா என்று கேட்டார். சபை சிரித்தது. அமைச்சர் என் குறிப்பை முன்னும் பின்னும் புரட்டினார். டிவி முன்னால் நானும் என் நகலைப் புரட்டினேன். மாலையில் சென்னையிலிருந்து போன்: இத்தனை பக்கம் எழுதினவள் வாழைப்பழத்துக்கு ஒரு வரி எழுதக் கூடாதா என்று. எங்கள் சூப்பிரண்டு காதர் சாரிடம் போய்ப் புலம்பினேன். பேகம்பூர்க்காரர், கோபமே வராத மனிதர். ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

“இனிமே தாடிக்கொம்புன்னு கேள்வி வந்தா, பெருமாள் கோயில் புளியோதரைக்கு ஒரு பக்கம் ஒதுக்கிரும்மா.”

வெஞ்சனம்

இந்த வேலை வீட்டுக்குள்ளும் வந்துவிடும். என் கணவர் பஸ் கண்டக்டர். கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், டிபன் டப்பாவைத் திறந்து பார்த்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எங்கே என்று கேட்டிருக்கிறார். அடுப்பு முன்னால் நின்றபடி அன்றைய பதிலை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்த நான், “அரசின் பரிசீலனையில் உள்ளது” என்று சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது எனக்கே தெரியாது.

“அந்தப் பரிசீலனையில ரெண்டு கரண்டி அள்ளி வையி, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

ஒரு கால்

இனி என் பெரிய பாவம். எங்கள் தொழிலில் சொர்க்கம் என்பது இரண்டே வரி. (அ) வீடுகள் கட்டி முடிக்கப்பட்டுவிட்டனவா? ஆம். (ஆ) இல்லையெனில் எப்போது முடியும்? கேள்வி எழவில்லை. ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால் ‘எப்போது’ என்று கேட்க இடமே இல்லை. துணைக் கேள்வி பயம் பாதி போய்விடும். இந்த இரண்டு வரிக்காக ஏங்காதவர் இந்த மேஜையில் யாருமில்லை.

முருகேசனின் ஊராட்சியில் உள்ளே தள்ளி ஒரு சின்னக் குடியிருப்பு. அங்கே ஒதுக்கிய வீடுகள் முடிந்தனவா என்று கேள்வி வந்தது. முருகேசன் கையால் எழுதிய பட்டியலைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மணி மூன்றரை. படபடவென்று டைப் அடித்தேன். பட்டியலில் இனிஷியல் மட்டும் போட்டு இரண்டு பழனியம்மாள், கணவர் பெயர் இல்லை. ஒருவர் காளிமுத்து மனைவி, கா. பழனியம்மாள், வீடு முடிவுற்றது. இன்னொருவர் கருப்பையா மனைவி, க. பழனியம்மாள், வீடு தொடங்கப்படவில்லை. அவசரத்தில் ‘கா’வின் துணைக்காலை விட்டுவிட்டேன். இரண்டு பேரும் க. பழனியம்மாள் ஆகிவிட்டார்கள்.

காதர் சார் பார்த்துவிட்டு, ஒரே ஆள் இரண்டு தடவை வருகிறதே என்றார். மறுபடி படத்தைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் போதும். நான் பார்க்கவில்லை. டபுள் என்ட்ரி சார் என்று சொல்லி ஒரு வரியை அழித்தேன். எந்த வரியை? ‘தொடங்கப்படவில்லை’ என்ற வரியை. அதை எடுத்தால் சொர்க்கம் கிடைக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், மறைக்கப் போவதில்லை. அமைச்சர் மறுநாள் சபையில் ‘ஆம்’ என்றார், பெயர்ப் பட்டியலையும் வைத்தார். யாரும் துணைக் கேள்வி கேட்கவில்லை. காதர் சார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

“இம்புட்டு லட்சணமான பதில என் சர்வீஸ்ல பாத்ததில்லம்மா!”

சாவி

நாலாம் நாள் காலை ஓர் அம்மா என் மேஜை முன்னால் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். நூல்மில்லில் ஷிப்ட் முடித்து நேராக வந்திருக்கிறார், தலைமுடியில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. பெயர் பழனியம்மாள். வீட்டுக்காரர் கருப்பையா இறந்து மூன்று வருஷம். போன மழையில் சுவர் விழுந்ததிலிருந்து, பத்தாவது படிக்கிற மகளோடு, விழுந்த வீட்டின் ஓரத்திலேயே தார்ப்பாய் கட்டிக் குடியிருக்கிறார். வீடு ஒதுக்கியாயிற்று, ஆனால் இடத்தை அளந்து கொடுக்க சர்வேயர் வருவார் வருவார் என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது. இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, நான் மேஜைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு முருகேசன் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணைக்கால் அங்கே ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது.

அவர் தன் போனை நீட்டினார். அமைச்சர் பேசுகிற வீடியோ, அடியில் பெயர்ப் பட்டியல், எம்.எல்.ஏ. ஆட்கள் ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். “இவரு அமைச்சருதான தாயி?” ஆமாம் என்றேன். “அவரு சொன்னா சரியாத்தான இருக்கும்?” அவர் முகத்தில் கிண்டல் கொஞ்சம்கூட இல்லை என்பதுதான் என்னைக் கொன்றது.

“எம்பேருல வீடு கட்டி முடிச்சாச்சுங்கிறாரு. நானும் மகளும் ஊர் பூராத் தேடிட்டோம், காணோம். எங்கன கட்டி வச்சிருக்கீகன்னு சொல்லி சாவியக் குடுத்தீகன்னா, ஐப்பசி மழைக்கு முன்னால குடி போயிருவோம் தாயி.”

வீட்டைப் பார்த்து ரிப்போர்ட்

பெயருக்கு நேரே ‘முடிவுற்றது’ என்று ஒருமுறை ஏறிவிட்டால், அந்த ஆளுக்கு இனி எந்தத் திட்டத்திலும் வீடு கிடையாது. ஒரு துணைக்காலை விட்டு, அந்த அம்மாவின் தலைக்கு மேலே வர இருந்த கூரையையே நான் பிடுங்கியிருந்தேன். மத்தியானம் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றதும் காதர் சார், மெமோ வருமே என்றார். வரட்டும் சார் என்றேன். அவரும் கீழே ஒரு கையெழுத்துப் போட்டார், சரிபார்த்தது தானும்தான் என்று.

பெரிய அதிகாரி படித்தார். அமைச்சர் சபையில் சொன்னது பொய்யா என்று கேட்டார். சொன்ன அன்றைக்குப் பொய்தான் சார் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்று காரியம் செய்தார். எனக்கு மெமோ கொடுத்தார். பதிலைத் திருத்தச் சொல்லிச் சென்னைக்குக் கடிதம் அனுப்பினார். அப்புறம் போனை எடுத்தார். அமைச்சரே சொல்லிவிட்ட வீடு என்றதும், ஒரு வருஷமாக வழி தெரியாத சர்வேயர் மறுநாள் காலை பழனியம்மாள் பல் விளக்குவதற்கு முன்னால் அளவுச் சங்கிலியோடு போய் நின்றிருக்கிறார்.

கடிதம் ஒவ்வொரு மேஜையாக ஏறியது, வீடு ஒவ்வொரு மட்டமாக ஏறியது. கூரை போட்ட வாரத்தில் சென்னையிலிருந்து பதில் வந்தது: வீடு முடியும் தறுவாயில் இருப்பதாகத் தெரிவதால் திருத்தம் வெளியிட வேண்டிய அவசியம் எழவில்லை. அதைக் கொண்டுபோய் எங்கள் இன்ஜினியர் அந்தோணி சாரிடம் காட்டினேன். வாரத்தில் நாலு நாள் அந்த வீட்டு மனையிலேயே நின்றவர் அவர்.

“வீட்டப் பாத்து ரிப்போர்ட் எழுதியிருக்கேன். ரிப்போர்ட்டப் பாத்து வீடு கட்டுனது இதுதாம்மா மொத தடவ.”

பால் காய்ச்சிய அன்று

ஐப்பசி பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் பால் காய்ச்சினார்கள். காதர் சாரும் நானும் போனோம். வாசலில் பெயர் எழுதியிருந்ததை முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். க. பழனியம்மாள். இன்னொரு தடவையும் படித்தேன். உள்ளே அந்த மகள் சிமென்ட் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, புகை என்று சமாளித்தேன்.

பக்கத்து வீட்டு கா. பழனியம்மாளும் வந்திருந்தார். கதை முழுக்க அவருக்குத் தெரிந்திருந்தது. “காலு உள்ள என் வீடு ரெண்டு வருசம் நடந்து வந்துச்சு. காலு இல்லாத இவ வீடு ரெண்டு மாசத்துல ஓடி வந்துருச்சு!” என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். காதர் சார் பாலைத் துப்பிவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்.

கிளம்பும்போது க. பழனியம்மாள் தெருமுனை வரை வந்தார். முந்தின நாள் மழையில் தெரு முழுக்கச் செம்மண் சேறு, என் செருப்பு ஒன்று அதில் மாட்டிக்கொண்டது. அவரே குனிந்து எடுத்துத் தந்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

“அடுத்த சட்டசபை எப்ப தாயி? இந்தத் தெருவுக்கு ரோடு போட்டாச்சுன்னு ஒருக்காத் தப்பா எழுதி விட்ரு.”

இத்தனை வருஷம் நான் சரியாக எழுதிய பதில்களெல்லாம் ஃபைலுக்குள் படுத்திருக்க, கேள்வி எழவில்லை என்று தப்பாக எழுதிய அந்த ஒரே இடத்தில்தான் ஒரு வீடு எழுந்து நிற்கிறது.