ஒரு சுத்து வந்துட்டுத் திட்டுங்க

ஆன்லைன் குழுவுக்கு அட்மினாக இருப்பது கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் வேலை மாதிரி: சாப்பிட்டவர்கள் எல்லாம் குறை சொல்வார்கள், பரிமாறியவன் மட்டும் பட்டினி கிடப்பான்.

நீங்களும் ஏதாவது ஒரு குழுவுக்கு அட்மினா? அப்படியானால் வாங்க, பக்கத்தில் உட்காருங்க. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அது சோறு போடுகிற தொழில். அட்மின் வேலை தூக்கத்தைக் கெடுக்கிற தொழில். அரசியல், வெளியூர்க்காரர்கள் வந்து குடியேறுவது, கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பது வரை எங்கள் குழுவில் பேசாத விஷயம் கிடையாது. இத்தனை வருஷமாக அதை மூடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் என் பொறுமை அல்ல, அதில் இருக்கிற மனிதர்கள். அவர்களில் சிலரைத்தான் இங்கே அறிமுகப்படுத்துகிறேன்.

சுத்து வந்த கதை

ஏழுமலை சார் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் சொந்த வீடு. தாமரைச்செல்வி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தேர்தல் சமயத்தில் ஒருநாள் தாமரை, சாயங்கால டூட்டி முடிந்து வருகிறவர்களுக்கு பஸ் கம்மியாக இருக்கிறது, இன்னும் விட்டால் நல்லது என்று எழுதினார். அவ்வளவுதான். ஏழுமலை சார் அதற்கு ஒரு பதில் போட்டார் பாருங்கள், திரையை விரலால் தள்ளித் தள்ளி எனக்குக் கை வலித்தது. இலவசம் கொடுத்து நாடு கெட்டது, ஓட்டுக்காக எதையும் செய்கிறார்கள், நர்சம்மா எந்தக் கட்சி என்று தெரிந்துவிட்டது என்று ஒரே தாக்கு. மற்றவர்களும் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். குழுவை மூடிவிடலாம் என்று நான் விரலை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் தாமரையின் பதில் வந்தது. அதில் கோபமே இல்லை. அன்றைக்கு அவர் சொன்னதுதான் இன்றுவரை எங்கள் குழுவின் சட்டம். எதிராளியின் பக்கத்தை, நாமே அவராக இருந்தால் எப்படிச் சொல்வோமோ அப்படி முதலில் சொல்ல வேண்டும். "ஆமா, இதுதான்" என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் நம் பதிலைப் போடலாம். மலையைச் சுற்றுகிற ஊர் இல்லையா, அதனால் இதற்குச் 'சுத்து' என்றே பெயர் விழுந்துவிட்டது. தாமரை எழுதியது இதுதான்: "கண்டக்டர் சார், நீங்க திட்டறது என்னை இல்ல, வேற யாரையோ. மொதல்ல என்னை ஒரு சுத்து சுத்தி வந்து நான் இன்னா சொன்னேன்னு பாருங்க, அப்பறம் தாராளமா திட்டுங்க."

கேமரா

கிரிவலப் பாதையில் முகத்தை அடையாளம் கண்டுபிடிக்கிற கேமரா வைக்கலாமா கூடாதா என்று ஒருமுறை விவாதம். வைக்கத்தான் வேண்டும் என்றார் ஏழுமலை சார். கூட்டத்தில் குழந்தை தொலைந்தால் உடனே கண்டுபிடிக்கலாம், திருடனைப் பிடிக்கலாம். தாமரை அவருடைய பக்கத்தை அழகாகச் சுற்றி வந்தார். ஒரு பஸ் நிறைய முகங்களைத் தினமும் நினைவில் வைத்திருந்த மனிதருக்கு, கேமராவும் ஒரு நல்ல கண்டக்டர் மாதிரிதான் தெரியும் என்று எழுதினார். ஏழுமலை சாருக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். "ஆமா, இதுதான்" என்று மூன்று முறை போட்டார்.

சந்தோஷப்பட வைத்துவிட்டு அடிப்பதில் தாமரையை மிஞ்ச ஆள் கிடையாது. கண்டக்டர் இறங்கினவர்களை மறந்துவிடுவார், கேமரா மறக்காது என்று தொடங்கி அவர் முடித்த வரியை என் கடைக்கு வருகிற கஸ்டமர்கள்கூட இன்றைக்கும் சொல்கிறார்கள்: "டூட்டி முடிச்சிட்டு நான் எங்க போறேன்னு என் மாமியார்கிட்டயே சொல்றதில்ல, கேமராகிட்ட எதுக்கு சார் சொல்லணும்?"

காலி வீடு

எங்கள் குழுவில் அதிகமாகச் சூடு பறக்கிற விஷயம் குடியேற்றம்தான். வெளிநாட்டுக்காரர்கள், பக்கத்து மாநிலத்துக்காரர்கள், வடக்கே இருந்து வேலைக்கு வருகிறவர்கள். இவர்களால் வாடகை ஏறி உள்ளூர்க்காரனுக்கு வீடு கிடைக்கவில்லை என்பது ஏழுமலை சார் கட்சி. அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் வீட்டின் முன்பக்க போர்ஷன் காலியாக இருந்தது. இரண்டு மடங்கு வாடகை தருகிறேன் என்று வந்த வெளிநாட்டுக்காரரை, மோர் கொடுத்து உபசரித்துத் திருப்பி அனுப்பினார். வெளியூர்க்காரருக்கு வீடு இல்லை என்றால் இல்லைதான். கருத்துக்காக நஷ்டப்படுகிற ஆளை நான் குழுவுக்கு வெளியே அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் தாமரை விடுவாரா? "உள்ளூர்க்காரங்களுக்கு வீடு கெடைக்கலன்றீங்க, உங்க வீடு ஏன் சார் காலியா கெடக்கு?" என்று கேட்டுவிட்டார். அன்று முழுவதும் பதில் இல்லை. மறுநாள், நெட்வொர்க் சரியில்லை என்று ஏழுமலை சார் போட்டார். குழுவே சிரித்தது. மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த ரோஷத்தில் அவரே ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார்: "இனிமே யாரும் நெட்வொர்க்குனு சாக்கு சொல்லக் கூடாது. சுத்து முடிஞ்ச அன்னிக்கு இருட்டறதுக்குள்ள பதில் வரலன்னா ஒத்துக்கிட்டதா அர்த்தம். எனக்கும் சேத்துதான் சொல்றேன்."

தீபக்

தீபக் செங்கம் ரோட்டில் ஒரு சின்ன ஹோட்டலில் சமையல்காரர். ஒடிசாக்காரர். இங்கே வந்து பல வருஷம் ஆகிறது. மனைவியும் ஒரு பெண் குழந்தையும் கூட இருக்கிறார்கள். அவர்கள் குடியிருந்த கட்டடத்தை இடித்து லாட்ஜ் கட்டப் போகிறார்கள் என்று, சித்ரா பௌர்ணமிக்கு மறுநாளோடு காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தீபக் போன இடத்தில் எல்லாம் வீடு இல்லை என்றார்கள். வீடு கிடைக்காவிட்டால் மனைவியையும் மகளையும் ஒடிசாவுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் ஹோட்டலிலேயே படுத்துக்கொள்ள வேண்டியதுதான். மகள் படிப்பது தமிழில். அங்கே போனால் எழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டிஸ்ப்ளே மாற்ற என் கடைக்கு வந்தபோது இதையெல்லாம் சொன்னார். என் போனில் குழு திறந்திருந்தது. ஏழுமலை சாரின் குரல் பதிவு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர்களைப் பற்றித்தான். நான் அவசரமாக நிறுத்தினேன். எனக்குத்தான் கூச்சம், அவருக்கு இல்லை. "முழுசா போடுங்க சார்" என்று கேட்டு வாங்கிக் கடைசிவரை நின்று கேட்டார். பிறகு கேட்டார்: "என்னைப் பத்திதான சார் பேசறாங்க? நானும் உள்ள வந்து சண்ட போடலாமா?"

தீபக் சுற்றிய சுத்து

தீபக்குக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. குரலில்தான் பேசினார், மற்றவர்கள் எழுதியதைப் போனையே படிக்க வைத்துக் கேட்டார். வந்தவுடன் வீடு கேட்டுக் கெஞ்சுவார் என்று நான் நினைத்தேன். இல்லை. ஏழுமலை சாரின் காலி போர்ஷனைத் தனக்குத் தரலாமா என்பதையே விவாதமாக வைத்து, குழுவின் சட்டப்படி முதலில் அவரைச் சுற்றினார். "நான் ஏழுமலை. இந்த ஊர்லயே பொறந்தேன். என் தெருவுல எல்லார் பேரும் எனக்குத் தெரியும். இப்ப சாயங்காலம் நடந்து போனா பாதிப் பேரு யாருன்னு தெரியல. அவங்க பேசறதும் புரியல. கோவம் இல்ல, பயம். என் ஊர்லயே நான் வெளியூர்க்காரன் ஆயிடுவேனோன்னு பயம்."

ஏழுமலை சார் தன் கட்சியை இவ்வளவு காலமாகப் பேசியும், இப்படி ஒருநாளும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏழுமலை சார் எழுதினார்: "ஆமா, இதுதான். ஆனா பயம்ன்ற வார்த்தைய நான் சொல்லல, அத எழுதி வெச்சுக்கோங்க."

ஏழுமலை சார் சுற்றிய சுத்து

அடுத்து ஏழுமலை சாரின் முறை. "நான் தீபக். இங்க சம்பளம் ஜாஸ்தி, அதுக்காக வந்தேன்" என்று எழுதினார். "இல்ல சார்" என்றார் தீபக். "நான் தீபக். எங்க ஊர்ல ரொம்பக் கஷ்டம்" என்று எழுதினார். அதற்கும் "இல்ல சார்" என்று பதில் வந்தது. வேறு யாராக இருந்தாலும் போடா என்று விட்டிருப்பார்கள். ஏழுமலை சார் சட்டையை மாட்டிக்கொண்டு, மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரமாகப் பார்த்து அந்த ஹோட்டலுக்கே போய்விட்டார். சாப்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து தீபக்கைப் பேச வைத்துக் கேட்டிருக்கிறார்.

திரும்பும்போது என் கடைக்கு வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. வீடு கொடுக்கப் போகிறீர்களா சார் என்று ஆசையாகக் கேட்டேன். என்னை ஒரு முறை முறைத்தார். "தம்பி, அவன் பக்கம் எனக்குப் புரிஞ்சிடுச்சு. அதுக்காக என் பக்கம் தப்புன்னு ஆயிடுமா?"

சித்ரா பௌர்ணமி

சித்ரா பௌர்ணமி அன்றைக்கு எங்கள் ஊரில் கால் வைக்க இடம் இருக்காது என்பது உங்களுக்குத் தெரியும். போனிலும் அதே கதைதான். கூட்டம் சேரச் சேர, கிரிவலப் பாதையில் எந்தச் செய்தியும் நகராது. அந்தப் பாதையில் தெருக்காரர்களோடு சேர்ந்து மோர்ப் பந்தல் போட்டிருந்த ஏழுமலை சார், கூட்டம் ஏறுவதற்கு முன் காலையில் தன் சுத்தை அனுப்பினார்.

"நான் தீபக். வீடு கேட்டுப் போற எடத்துல எல்லாம் எந்த ஊருன்னு கேக்கறாங்க. பேரு இன்னான்னு ஒருத்தரும் கேக்கல. என் பொண்ண யாராவது எந்த ஊருன்னு கேட்டா திருவண்ணாமலைன்னு சொல்றா. நான் அவளத் திருத்தணுமா வேணாமான்னு எனக்கே தெரியல."

"ஆமா சார், இதுதான்" என்று தீபக் உடனே போட்டுவிட்டார். அப்புறம் எல்லோரும் ஏழுமலை சாரின் பதிலுக்காகக் காத்திருந்தோம். மத்தியானம் ஆனது, வரவில்லை. வெயில் இறங்கியது, வரவில்லை. போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. நெட்வொர்க்காக இருக்குமோ என்று நான் மெதுவாகப் போட்டேன். அந்தச் சாக்கைத் தடை செய்தவரே அவர்தானே என்று எல்லோரும் என்மேல் பாய்ந்தார்கள். தெரு விளக்கு எரிந்ததும் தாமரை எழுதினார்: "இருட்டிடுச்சு. சட்டம் போட்டவரே ஒத்துக்கிட்டாரு. தீபக் அண்ணா, மூட்டையக் கட்டுங்க!"

மறுநாள் காலை

குட்டியானை வண்டியில் கட்டில், காஸ் அடுப்பு, பாத்திரம், மனைவி, மகள் எல்லாவற்றோடும் தீபக் வேங்கிக்கால் வீட்டு வாசலில் நின்றார். குழு அட்மின் என்ற முறையில் கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்க நானும் போயிருந்தேன். பந்தலைப் பிரித்துவிட்டு அப்போதுதான் ஏழுமலை சார் தெரு முனையில் வந்தார். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையிலிருந்து போனை எடுத்து எங்களிடம் காட்டினார்.

நேற்று மத்தியானமே அவர் நீளமாகப் பதில் எழுதி அனுப்பியிருக்கிறார். ஏன் வீடு தர முடியாது என்று வரிசையாகக் காரணங்கள். அது போகாமல், பக்கத்தில் கடிகாரக் குறியோடு அப்படியே நின்றிருந்தது. மோர் ஊற்றுகிற மும்முரத்தில் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. தீபக்குக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அவர் ஒரு வார்த்தை வாதாடவில்லை. "நீங்க பதில் போட்டிருக்கீங்க சார். அது போவாதது உங்க தப்பு இல்ல. நான் வண்டியத் திருப்பிக்கறேன்" என்று டிரைவருக்குக் கை காட்டினார். அந்த நிமிஷத்தில் அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஏழுமலை சார் வண்டிக்குப் பக்கத்தில் போனார். கட்டில்மேல் உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். எந்த ஊர் என்று கேட்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். "உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். "மீனா, தாத்தா" என்றது அது. சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, டிரைவரிடம் சொன்னார்: "இருட்டறதுக்குள்ள போவல இல்ல? சட்டம் சட்டந்தான். எறக்குப்பா."

தாமதமாக வந்த பதில்

சாமான் எல்லாம் இறக்கி, அடுப்பு பற்றவைத்து, தீபக் போட்ட முதல் டீயை நாங்கள் குடித்துக்கொண்டிருந்தபோது எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டது. நேற்றைய பதில் வந்து சேர்ந்துவிட்டது. வெளியூர்க்காரருக்கு ஏன் வீடு தரக்கூடாது என்று முழுசாக, ஒரு வரி குறையாமல். சார், அழித்துவிடுங்கள் என்றேன். தீபக் அதற்குள் போனைக் காதில் வைத்து, அந்த எழுத்தைப் போனையே படிக்கச் சொல்லி, டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழுமலை சார் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "எதுக்கு அழிக்கணும்? அவன் பதில் சொல்லட்டும். வூடு குடுத்துட்டேன், கருத்த இன்னும் குடுக்கல."

இப்போது ஒரே வீட்டின் முன்பக்கத்தில் ஒருவரும் பின்பக்கத்தில் ஒருவரும் உட்கார்ந்து ஒரே வைஃபையில் சண்டை போடுகிறார்கள். இனி இருவரில் யாரும் நெட்வொர்க் சரியில்லை என்று சொல்ல முடியாது என்பதுதான் என் அட்மின் வாழ்க்கையில் நான் கண்ட ஒரே முன்னேற்றம்.