இருமும்போது கசிகிறதா?

இந்த நாட்டில் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தால் மறுநாளே ஒரு பெண் கதவைத் தட்டுகிறாள். ஜெர்மனியில் அவளை ஹெபாம்மே என்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு பல வாரங்கள் வீடு தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்பவள். எனக்கு வந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும், சைக்கிளில் வந்தாள். குழந்தையை எடை போட்டு, தொப்புளைப் பார்த்து முடித்ததும், என் கணவர் காபி டம்ளரோடு பக்கத்தில் நிற்கும்போதே என்னிடம் ஏதோ கேட்டாள். பெக்கன்போடன் என்ற சொல்லும், கசிகிறதா என்பதும் மட்டும் பிடிபட்டன. வகுப்பில் படித்த ஜெர்மனில் பெக்கன் என்றால் கைகழுவும் தொட்டி, போடன் என்றால் தரை. ஆமாம், கசிகிறது, வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லியாயிற்று, வெள்ளிக்கிழமை பிளம்பர் வருகிறார் என்றேன். அவள் ஒரு கணம் விழித்தாள். பிறகு, சிரிக்காமல், தன் அடிவயிற்றில் கைவைத்து இருமிக் காட்டி, சொட்டுச் சொட்டாக விழுவதைப் போல விரலால் சைகை செய்தாள். என் கணவர் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். எனக்குக் காது சுட்டது. ஆறு வருடங்களாக ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. "யா" என்றேன். குழந்தையின் எடையை எழுதிய அதே தாளில், அதற்குக் கீழேயே, அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

என் முதல் பிள்ளை ஓசூரில் பிறந்தான். நாலரை கிலோ பிள்ளை. முக்கி முக்கி முடியாமல் கடைசியில் கருவி வைத்துத்தான் எடுத்தார்கள். தையல் பிரிக்கப் போன அன்றைக்கு, டாக்டரம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, நர்ஸிடம் மெதுவாகச் சொன்னேன்.

"சிஸ்டர், இருமுனா ஒண்ணுக்கு வந்துடுதுங்க."

"சொகப்பிரசவம்னா அப்டித்தாம்மா இருக்கும். போகப் போக சரியாப்போவும். அடுத்தவங்கள வரச்சொல்லு."

போகப் போக ஒன்றும் சரியாகவில்லை. கெலமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் மூன்று மாதம் இருந்துவிட்டு, மறுபடியும் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனேன். நின்றபடி பெட்டி கட்டி அடுக்கும் வேலை. கழிப்பறைக்குப் போக லைன் லீடரிடம் கேட்க வேண்டும். அவன் என்னைவிட நாலு வயது சின்னவன். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். மாதம் முழுக்க நாப்கின் வைத்துக்கொண்டேன். தொடை இடுக்கெல்லாம் புண். என் பக்கத்தில் நின்று வேலை செய்த ரத்னம்மா தளிப் பக்கத்துக்காரி, தெலுங்கு வீடு. ஒருநாள் நான் நெளிவதைப் பார்த்துவிட்டு, "ஏமி காதுலே மஞ்சு, நாகூ அந்தே" என்றாள். ஒன்றுமில்லை, எனக்கும் அப்படித்தான். அவள் பழைய புடவைத் துணியை மடித்து வைத்துக்கொள்வாளாம். பிறகு விசாரித்தால், எங்கள் லைனில் பிள்ளை பெற்றவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒன்றை மடித்து வைத்துக்கொண்டுதான் நின்றிருக்கிறோம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் வாயெல்லாம் கசக்கிறது.

கடைசியாக அது நடந்தது ஒரு திங்கட்கிழமை. பாரமான பெட்டியைத் தூக்கும்போது தும்மல் வந்தது. நாப்கினைத் தாண்டி, பேண்ட்டைத் தாண்டி, என் ஷூவைச் சுற்றித் தரையில் நின்றது. லைன் லீடர் பார்த்தான். "யாருங்க இங்க பாட்டில் தண்ணிய ஊத்துனது? யாராச்சும் வழுக்கி வுழுந்தா நாந்தான பதில் சொல்லணும்?" என்று கத்திவிட்டு, கூட்டிப் பெருக்கும் அம்மாவைக் கூப்பிட்டான். அவள் குனிந்து துடைத்தாள். துடைக்கும்போது என் காலருகே ஒரு நொடி நிறுத்தினாள். அண்ணாந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் துடைக்கிற துணியை இன்னொரு தரம் பிழிந்து, என் ஷூவையும் துடைத்துவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று கணவரிடம் சொன்னேன். இந்த ஊருக்கு அவருக்கு மாற்றல் வரும்வரை, வந்த பிறகும்கூட, நிஜக் காரணத்தைச் சொன்னதில்லை.

இங்கே அந்த ஹெபாம்மே எழுதிய குறிப்பை வைத்து டாக்டர் சீட்டு எழுதினார். சீட்டோடு போனால், இந்தத் தசைகளுக்கு மட்டுமே பயிற்சி கொடுக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட். பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்றை மேசையில் வைத்து, அதன் அடியில் தூளிபோல விரிந்திருக்கும் தசையைக் காட்டினாள். அதுதான் பெக்கன்போடன், இடுப்புக் கூட்டின் தரை. கர்ப்பத்தின்போது பாரம் தாங்கி, பிரசவத்தில் இழுபட்டு, பிறகு யாரும் சீந்தாமல் விடப்படுவது. மூச்சு விடும்போது அதை உள்ளே மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும், பத்து எண்ண வேண்டும், முழுசாக விட வேண்டும். தும்முவதற்கு முன்னால், பாரம் தூக்குவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். இவ்வளவுதான். நாலாவது மாதத்தில் ஒருநாள் வாய்விட்டுத் தும்மினேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுவாரம் அவளிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். கோபம் என்பதற்கு ஜெர்மன் வார்த்தை அந்த நேரத்தில் வரவில்லை. "ரொம்பத் தாமதம்" என்றேன். அவள் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்து, இல்லையே, சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்றாள்.

அன்றைக்கே கௌரி அக்காவைக் கூப்பிட்டேன். என்னைவிட நாலு வயது மூத்தவள், மூன்று பிள்ளை பெற்றவள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸில் ரோஜா வெட்டி, தண்ணீரோடு பக்கெட் பக்கெட்டாகத் தூக்குகிறாள். அவளுக்கு அடி இறக்கம், கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தது. சாயங்காலமானால் கீழே ஏதோ உருண்டு வந்து நிற்பதுபோல இருக்கும், தும்மினால் புடவை நனையும். கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா, கொஞ்சம் பொறு. இதுக்குப் பயிற்சி இருக்குது. நான் மே மாசம் வரேன், வந்து கூட்டிட்டுப் போறேன்."

"என்னாடி பயிற்சி? அங்க சும்மா ஒக்காந்திருக்கிறவளுங்களுக்கு அதெல்லாம். எங்களுக்கு ஏதுடி நேரம்?" என்று சிரித்தாள். ஆனாலும் காத்திருந்தாள்.

மே மாதம் ஊருக்குப் போய் ஓசூரில் தேடினேன். பிசியோதெரபி என்று எழுதிய இடங்களுக்குக் குறைவில்லை. ஒன்றில் இருந்த இளைஞர் நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல மேசை விளிம்பையே பார்த்தார். "மேடம், நாங்க முட்டி, முதுகு, கம்பெனில அடிபட்டவங்கதான் பாக்கறோம். இதுக்கு பெங்களூர் போயிடுங்க" என்றார். போனோம். அத்திப்பள்ளியில் வண்டிகள் நகராமல் நின்றபோது அக்கா இரண்டு தரம் இறங்கி மறைவு தேடினாள். பெங்களூரில் இதற்கென்றே இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண் கன்னடத்திலேயே பேசினாள். அக்காவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு, என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பரிசோதித்துவிட்டு, இறக்கம் நடுத்தரம்தான், மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்ப்போம், அப்புறம் ஆபரேஷனை யோசிக்கலாம் என்றாள். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏ மஞ்சு, இத்தினி வருசத்துல அந்தப் பொண்ணுதாண்டி எவ்ளோ நாளா இருக்குதுன்னு கேட்டுது."

இரண்டு தரம் போனோம். மூன்றாவதற்குள் என் விடுமுறை முடிந்தது. தனியாகப் போய்வா என்றேன். ஒவ்வொரு தடவையும் ஒருநாள் லீவு வேண்டும், மேஸ்திரி கொடுக்கவில்லை. அக்காவின் கணவர், மாமாவுக்கும் பிடிக்கவில்லை. "ஏம்மா, மூச்ச இழுத்து வுடறதுக்கா பெங்களூர் வரைக்கும் போறது? ஆபரேசன்னா ஒரே நாளு, முடிஞ்சுது" என்று போனில் என்னிடமே கேட்டார். நல்ல மனிதர்தான், அக்காவை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. நான் இங்கிருந்து கத்தினேன். கத்துவதற்கு எனக்கு என்ன உரிமை என்று அவர் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொண்டேன். ஜூலையில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து அக்கா கூப்பிட்டாள். பழையபடி பாலிஹவுஸுக்குப் போகத் தொடங்கியிருந்தாள். உருண்டு நிற்பது போய்விட்டது என்றாள்.

"தும்முனா?" என்று நான் கேட்டேன்.

"அது போச்சு. இது போவல."

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? வெளிநாட்டில் இருக்கிற திமிரில் பேசுகிறாள் என்று நினைக்கலாம். அக்காவின் டாக்டர்மேல் குற்றமா, எனக்குத் தெரியாது; அந்த ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தொட்டில் எங்கே கட்டுவது, என்ன பத்தியம், எத்தனை நாளில் தலைக்கு ஊற்றுவது என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருந்த ஊரில், இருமும்போது கசிகிறதா என்று கேட்க ஓர் ஆள் இல்லாமல் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த ஒரு கேள்விக்காக நான் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

டாக்டரைக் கேட்டுவிட்டு, அக்கா இப்போது பயிற்சியை மறுபடி தொடங்கியிருக்கிறாள். அவள் சாப்பாட்டு நேரம் எனக்குக் காலை. பாலிஹவுஸுக்குப் பின்னால், காலிப் பக்கெட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு வீடியோவில் வருகிறாள். நான் இங்கே சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இழு, பிடி என்று சொல்லி எண்ணுகிறேன். அவளும் உதட்டை அசைத்து என்கூடவே எண்ணுகிறாள். நேற்று ஆறு எண்ணும்போது படம் உறைந்தது, ஏழில் இணைப்பு போய்விட்டது. நான் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. எட்டு, ஒன்பது என்று, அவள் அங்கே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாளா என்று தெரியாமல், உரக்க எண்ணிக்கொண்டிருந்தேன்.